நீக்கிய வரிகளுக்கு ஒரு மதிப்புரை

நூல்களுக்கு மதிப்புரை எழுதுகின்றோம், நாடகங்களுக்கும் எழுதுகின்றோம். கணிப்பொறி நிரல் ஒன்றில் செய்யப்பட்ட திருத்தத்திற்கு மதிப்புரை எழுதும் வழக்கம் தமிழில் இன்னும் வரவில்லை. அதிலும் இங்கே எடுத்துக்கொண்டிருப்பது புதிதாக எதையும் சேர்க்காத ஒரு திருத்தம். இருந்த வரிகளை அழித்துவிட்டு, அவ்வேலைக்கு வேறோர் இடத்தைக் கைகாட்டிய திருத்தம். 2018 ஆம் ஆண்டில் லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பில் அது இடம்பெற்றது. அளவில் மிகச் சிறியது. ஆயினும், நம் பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி மாணவர்கள் ஒரு தடித்த பாடநூலில் கற்பதைவிட இதில் கற்க வேண்டியது மிகுதி என்பது என் கருத்து. அதில் குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்கின்றேன்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் 'டிரைவர்' என்றால் லாரி ஓட்டுபவரையே எவரும் நினைப்பர். கணிப்பொறிக்குள்ளும் டிரைவர்கள் உண்டு. விசைப்பலகை, அச்சுப்பொறி, கம்பியில்லா வலைத்தொடர்புக்கான வை-ஃபை சில்லு ஆகிய ஒவ்வொரு வன்பொருளையும் ஓட்டுவதற்கென எழுதப்பட்ட நிரலே டிரைவர். அந்தச் சில்லுக்கு எந்த நேரத்தில் எந்த எண்ணை அனுப்ப வேண்டும், அது திருப்பித் தரும் எண்ணுக்கு என்ன பொருள் என்பதெல்லாம் அதற்குத்தான் தெரியும். இந்த டிரைவர்களில் பெரும்பாலானவை கெர்னல் என்னும் உட்கருவுக்குள் இருந்து வேலை செய்கின்றன. நினைவகம், செயலியின் நேரம், வன்பொருள்கள் ஆகியவற்றைப் பங்கிட்டுக் கொடுக்கும் அடிப்படை நிரலே கெர்னல். 1991 இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிய லினக்ஸ் கெர்னல், இன்று சுமார் 4 கோடி வரிகளுக்கு வளர்ந்திருக்கின்றது. அதில் பாதிக்கு மேல் டிரைவர்களே!

அந்தக் கெர்னலுக்குள் 'நூலகம்' என்றொரு பகுதியும் இருக்கின்றது. பல டிரைவர்களுக்கும் பொதுவாகத் தேவைப்படும் சிறு சிறு கணக்குகளை ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கும் அலமாரி அது. யார் வேண்டுமானாலும் அங்கிருந்து எடுத்துப் பயன்படுத்தலாம்.

இதன் பயனை அறிய நாமக்கல்லின் லாரிப் பட்டறைக்குப் போனால் போதும். எண்ணூரிலோ ஓசூரிலோ தயாரான வெறும் சேசிஸ் பட்டறைக்கு வந்து சேர்கின்றது. அதன்மேல் கேபினும் பாடியும் கட்டுகிறார்கள். சரக்கு லாரியாகவோ டேங்கராகவோ ஆக்குகிறார்கள். எஞ்சினையும் கியர் பெட்டியையும் பட்டறைக்காரர் செய்வதில்லை. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி கட்டுபவரும் லாரியை முதலிலிருந்து செய்யத் தொடங்குவதில்லை. இது எல்லோருக்கும் தெரிந்ததே. இதைவிடச் சிறிய ஒரு பொருளைக் கவனியுங்கள்: போல்ட்டும் நட்டும். ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி புரி வெட்டிக்கொண்டால் என்ன ஆகும்? வண்டி சாலையில் ஓடத்தான் செய்யும், ஒரு குறையும் தெரியாது. நாக்பூருக்கு அப்பால் நள்ளிரவில் ஒரு நட்டு கழன்று விழும்போதுதான் தெரியும். அந்த ஊர்க் கடையில் அதற்குப் பொருந்தும் நட்டு கிடைக்காது. கட்டும்போது தெரியாத செலவு, பழுதுபார்க்கும்போது வந்து நிற்கும்.

இனி நம் திருத்தத்திற்கு வருவோம். அதன் கதை கொஞ்சம் சுவையானது.

ப்ராட்காம் என்னும் அமெரிக்க நிறுவனம் வை-ஃபை சில்லுகள் செய்து வந்தது. உலகெங்கும் மடிக்கணினிகளில் அவை இருந்தன. ஆனால் சில்லை எப்படி இயக்குவது என்ற விவரத்தை அந்நிறுவனம் லினக்ஸ்காரர்களுக்குத் தரவில்லை. ஆகவே ஆர்வலர்கள் வேறு வழி கண்டார்கள். ஒரு குழுவினர் நிறுவனத்தின் மூடிய நிரலைப் பிரித்து ஆராய்ந்து, அது என்ன செய்கின்றது என்பதைச் சொற்களால் எழுதி வைத்தனர். இன்னொரு குழுவினர் மூல நிரலைப் பாராமல், அந்த விவரத்தை மட்டும் படித்துப் புதிதாக நிரல் எழுதினர். நகல் எடுத்தார்கள் என்ற சட்டச் சிக்கல் வராமலிருக்க இந்த ஏற்பாடு. இப்படிப் பிறந்து, 2008 ஜனவரியில் வெளிவந்த கெர்னலில் சேர்ந்த டிரைவரின் பெயர் பி43.

இந்த பி43-க்குள் ஒரு கணக்கு இருந்தது. ஒரு கோணத்தைக் கொடுத்தால் அதன் சைன், கொசைன் மதிப்புகளைத் தரும் கணக்கு. வை-ஃபைக்கும் முக்கோணவியலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். வானலையை அனுப்பும் சில்லு, ஒன்றுக்கொன்று 90 டிகிரி தள்ளி நிற்கும் இரண்டு அலைகளைக் கலந்து செய்தியை ஏற்றுகின்றது. சில்லின் மின்சுற்றுகள் இரண்டு அலைகளையும் சரிசமமாகக் கையாள்வதில்லை. ஒன்று சற்றுப் பெரிதாகும், அல்லது 90 டிகிரி என்பது சற்று விலகும். ஆகையால் டிரைவர் ஒரு சோதனை அலையைத் தயாரித்துச் சில்லுக்கு ஊட்டி, விளைவைப் பார்த்துச் சரிசெய்கின்றது. தராசில் எடைபோடும் முன் வெறும் தட்டுகளைச் சமன்செய்வது போன்ற வேலை இது. சோதனை அலை என்றாலே சைன், கொசைன்தானே!

சி மொழி கற்ற மாணவர் எவரும் உடனே கைதூக்குவர். சைன் மதிப்பைத் தொடர்வரிசையால் காணும் நிரல், ரெக்கார்டு நோட்டில் எழுதாதவர் உண்டா? ஆனால் அந்த நிரல் இங்கே செல்லாது. அது தசம எண்களை நம்பியிருக்கின்றது. கெர்னலுக்குள் தசமக் கணக்கு பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றது. ஏனெனில், நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு நிரல் பாதியில் விட்ட தசம எண்கள் செயலியின் பதிவகங்களில் அப்படியே இருக்கும். கெர்னல் அங்கே கைவைத்தால் அவை கலைந்துவிடும். எடுத்துப் பத்திரப்படுத்திப் பிறகு திருப்பி வைக்கலாம். அதற்கு நேரம் செலவாகும். எனவே முழு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு சைன் காண வேண்டும்.

இதற்கு ஓர் அழகிய முறை இருக்கின்றது. பெயர் கார்டிக். 1956 இல் அமெரிக்காவின் கான்வேர் விமான நிறுவனத்தில் பணியாற்றிய ஜாக் வோல்டர் என்னும் பொறியாளர் இதை வகுத்தார். 1959 இல் வெளியிட்டார். பி-58 என்னும் குண்டுவீச்சு விமானத்தின் வழிகாட்டிக் கருவிக்காக எழுந்த தேவை அது. பின்னர் 1972 இல் வந்த எச்பி-35 கைக்கணிப்பானும், 1980 இல் வந்த இன்டெல் 8087 துணைச்செயலியும் இதே முறையைக் கையாண்டன.

முறை இதுதான். ஒரு குச்சி கிழக்கு நோக்கிக் கிடக்கின்றது என்று கொள்ளுங்கள். அதை 30 டிகிரி திருப்ப வேண்டும். ஆனால் விருப்பம்போல் திருப்ப அனுமதியில்லை. 45, 26.565, 14.036, 7.125, 3.576, 1.790, 0.895 என்று வரிசையாகக் குறிக்கப்பட்ட கோணங்களால் மட்டுமே, ஒவ்வொன்றையும் ஒரே முறை, இடமாகவோ வலமாகவோ திருப்பலாம். குறைவாக இருந்தால் கூட்டு, மிகுந்தால் கழி. முதல் திருப்பில் 45, மிகுந்துவிட்டது. 26.565 கழித்தால் 18.435. அடுத்ததைக் கூட்டினால் 32.471. கழித்தால் 25.346. கூட்டினால் 28.922. மீண்டும் கூட்டினால் 30.712. கழித்தால் 29.817. ஏழே படிகளில் 30-க்கு மிக அருகில் வந்துவிட்டோம்.

இந்தக் கோணங்களை ஏன் தேர்ந்தார்கள்? இவற்றின் டேன்ஜென்ட் மதிப்புகள் 1, 1/2, 1/4, 1/8 என்று பாதி பாதியாகக் குறைகின்றன. ஒரு புள்ளியைத் திருப்பும்போது பெருக்க வேண்டிய எண் இதுவே. பத்தடிமான எண்ணில் கடைசிப் பூச்சியத்தை எடுத்துவிட்டால் பத்தால் வகுத்ததாகும் அல்லவா? இரண்டடிமான எண்களைக் கையாளும் கணிப்பொறியில் இலக்கங்களை ஓரிடம் வலப்புறம் நகர்த்தினால் இரண்டால் வகுத்ததாகும். ஆக, பெருக்கலே இல்லை. நகர்த்துதலும் கூட்டலும் கழித்தலும் மட்டுமே. ஒவ்வொரு திருப்பிலும் குச்சி சற்று நீள்கின்றது. எத்திசையில் திருப்பினாலும் நீளும் அளவு ஒன்றுதான். எல்லாப் படிகளும் முடியும்போது அது 1.6468 மடங்காகும். முதலிலேயே குச்சியை 0.60725 நீளத்தில் வெட்டி வைத்துவிட்டால் முடிவில் சரியாக 1 வந்து நிற்கும்.

தசமப் புள்ளி எங்கே போயிற்று? ஒரு தச்சர் மீட்டரில் அளந்தால் 1.235 என்று எழுத வேண்டும். மில்லிமீட்டரில் அளந்தால் 1235 என்று முழு எண்ணாகவே எழுதலாம். அதேபோல் இந்நிரலில் எல்லா எண்களும் 65536 ஆல் பெருக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. 0.60725 என்பது அங்கே 39797. கோண வரிசையில் 18 எண்கள் உண்டு.

இப்போது கதையின் திருப்பம். 2009-10 வாக்கில் பி43 டிரைவருக்குள் இந்தக் கார்டிக் கணக்கு எழுதப்பட்டு, அதன் பல பகுதிகளுக்கும் பொதுவாக்கப்பட்டது. 2010 செப்டம்பரில் ப்ராட்காம் நிறுவனம் மனம் மாறிற்று; புதிய சில்லுகளுக்கான தன் சொந்த டிரைவரை மூல நிரலோடு வெளியிட்டது. அதற்குள்ளும் ஒரு கார்டிக் இருந்தது! நிறுவனத்தின் பொறியாளர்கள் 2011 இல் அதைத் தங்கள் டிரைவரிலிருந்து வெளியே எடுத்துக் கெர்னலின் பொது நூலகத்தில் வைத்தனர். பாராட்ட வேண்டிய செயல். ஆனால் பக்கத்துத் திண்ணையிலேயே பி43 இருந்தது. ஒரே வகைச் சில்லு, ஒரே கணக்கு. சுவரின் ஒரு புறம் மூடிய நிரலை ஆராய்ந்து பெறப்பட்ட கார்டிக்; மறுபுறம் நிறுவனமே தந்த கார்டிக். இரண்டும் ஒரே முறை. ஏழு ஆண்டுகள் இரண்டும் அருகருகே வாழ்ந்தன.

2018 இல் வந்த திருத்தம் அந்த இரட்டிப்பை நீக்கியது. பி43 தன் சொந்தக் கணக்கையும் அதன் கோண அட்டவணையையும் கைவிட்டு, நூலகத்தில் உள்ளதை அழைக்கத் தொடங்கிற்று. டிரைவரின் அமைப்புக் குறிப்பில், 'எனக்குக் கார்டிக் தேவை' என்ற ஒரு வரி சேர்ந்தது.

இதன் சிறப்பு என்ன என்று பார்ப்போம். முதலில், வேலையைச் செய்த வரிசை. எடுத்த எடுப்பில் பி43-இல் கைவைக்கவில்லை. 65536 ஆல் பெருக்குவது, மீண்டும் வகுப்பது போன்ற சிறு மாற்று விதிகள் 2011 இல் நூலகக் கோப்பின் உட்புறத்திலேயே முடங்கிக் கிடந்தன. வெளியிலிருந்து அழைப்பவருக்குத் தெரியாது. முதல் திருத்தம் அவற்றைத் தலைப்புக் கோப்புக்கு நகர்த்தியது. அதன்பின் ப்ராட்காமின் டிரைவர் அவற்றைப் பயன்படுத்துமாறு செய்யப்பட்டது. பிறகு பி43 நூலகத்துக்கு மாறியது. யாரும் அழைக்காத பழைய கணக்கு அதன்பின்னரே அகற்றப்பட்டது. நெசவாளி புதுப் பாவின் இழைகளைப் பழைய பாவின் இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைத்து முடித்த பிறகே தறியை ஓட்டுவார். அந்தப் பொறுமை இதில் தெரிகின்றது. இடையில் எந்தப் படியில் நிறுத்தினாலும் கெர்னல் வேலை செய்யும். பிழை தோன்றினால் எந்தப் படியில் தோன்றிற்று என்று கண்டுபிடிப்பதும் எளிது. மாணவர்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, 'ஓடவில்லை சார்' என்று நிற்பதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது சிறப்பு, நீக்குவதற்கு முன் இரண்டும் ஒன்றே என்று கண்டது. இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. போலத் தோன்றுவது வேறு. அதுவாகவே இருப்பது வேறு. இதற்கு நம் ஊருக்கு நெருக்கமான ஓர் உதாரணம் தருகின்றேன்.

நாமக்கல் கோழிப்பண்ணைகளில் கொட்டகையின் வெப்பமும் ஈரப்பதமும் எத்துணை முக்கியம் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாணவர்கள் இதற்கென ஒரு மின்னணுக் கருவி செய்ய முனைந்தால் கையில் எடுக்கக்கூடிய உணரிகள் இரண்டு: டிஎஸ்18பி20 என்னும் வெப்ப உணரி, சென்சிரியான் நிறுவனத்தின் எஸ்எச்டி3எக்ஸ் வகை ஈரப்பத உணரி. கம்பியில் வரும் வழியில் எண் சிதைந்துவிட்டதா என்று சரிபார்க்க, இரண்டும் தரவோடு ஒரு சோதனை எண்ணையும் சேர்த்து அனுப்புகின்றன. இரண்டுக்கும் சிஆர்சி-8 என்றே பெயர். இரண்டுக்கும் அடிப்படையான பல்லுறுப்புக்கோவைகூட ஒன்றே. ஆனால் ஒன்று இலக்கங்களை வலமிருந்து எண்ணுகின்றது, மற்றது இடமிருந்து. ஒன்று பூச்சியத்தில் தொடங்குகின்றது. மற்றது எட்டு இலக்கமும் ஒன்றாக உள்ள 255-இல் தொடங்குகின்றது. முதல் உணரிக்கு எழுதிய கணக்கை 'அதேதானே' என்று இரண்டாவதற்கு ஒட்டினால், நல்ல தரவையெல்லாம் கெட்டது என்று தள்ளிவிடும். மாணவர் உணரியைக் குறை சொல்லிக்கொண்டு வேறொன்று வாங்கக் கிளம்புவார்!

கெர்னல் நூலகம் இதை எப்படிக் கையாண்டிருக்கின்றது? அதில் உள்ள சிஆர்சி-8 பகுதி, 'உன் பல்லுறுப்புக்கோவை எது, எந்தத் திசையில் எண்ணுவாய், எதில் தொடங்குவாய்' என்று அழைப்பவரிடமே கேட்டுக்கொண்டு அதற்கேற்ப வேலை செய்கின்றது. வேறுபடக்கூடியதை வெளியே விட்டு, வேறுபடாததை மட்டும் தன்னுள் வைத்திருக்கின்றது. நல்ல நூலகத்தின் இலக்கணம் இதுவே. இன்னொன்றையும் கேளுங்கள். இந்தப் பகுதியும் 2011 இல் அதே ப்ராட்காம் வை-ஃபை டிரைவரிலிருந்து எடுத்து அலமாரியில் வைக்கப்பட்டதுதான். லினக்ஸில் உள்ள எஸ்எச்டி3எக்ஸ் டிரைவர் இன்று இதையே அழைக்கின்றது. வானலைச் சில்லுக்காக எழுதியது கோழிக் கொட்டகையின் ஈரப்பதத்தைச் சரிபார்க்க வந்துவிட்டது.

இனிக் குறைகள். 2018 திருத்தத்தோடு வந்த விளக்கக் குறிப்பு மிகச் சுருக்கம். நூலகத்தில் உள்ளதும் உள்ளே இருந்ததும் ஒன்றே, ஆகவே நகலை நீக்குகின்றோம் என்ற அளவில் நிற்கின்றது. எப்படி ஒப்பிட்டார்கள்? வரிக்கு வரி படித்தா, எல்லாக் கோணங்களையும் ஓட்டிப் பார்த்தா? கெர்னலில் பழகியவருக்கு அது தேவையில்லாமல் இருக்கலாம். 2018-இல் பி43 ஓட்டும் சில்லுகள் பழையனவாகிவிட்டன; அவற்றைக் கையில் வைத்துச் சோதிக்கக்கூடியவர் நாளுக்கு நாள் குறைந்து வருவர். அத்தகைய பழைய டிரைவரில் கைவைப்பவர் இரண்டு வரி கூடுதலாக எழுதியிருக்கலாம்.

அதைவிடப் பெரிய குறை 2011-ஐச் சேரும். அலமாரியில் ஒரு பொருளை வைப்பவர், வீட்டில் வேறு யாரிடம் அதே பொருள் இருக்கின்றது என்று ஒரு முறை தேடியிருக்க வேண்டும். தேடுவதற்கு ஒரு கட்டளை போதும். ஒரு நிமிடம் போதும். மாற்று விதிகளையும் உள்ளேயே பூட்டிவைத்துவிட்டு, 'எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம்' என்று பலகை மாட்டியதில் பாதிப் பயன்தான். பாதிப்பு ஒன்றும் வெளிப்படையாகத் தெரியவில்லையே என்பீர்கள். உண்மைதான். தெரியாததனால்தான் ஏழு ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை.

பொது நூலகத்தை நம்புவதையே எதிர்ப்பவர்களும் உண்டு. அவர்கள் காட்டும் சான்று வலுவானது. 2016 மார்ச்சில், ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கான பொதுக் களஞ்சியத்திலிருந்து லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை அதன் ஆசிரியர் விலக்கிக்கொண்டார். ஒரு சொல்லின் இடப்புறத்தில் வெற்றிடம் நிரப்புவது மட்டுமே அதன் வேலை. அதை நம்பியிருந்த ஏராளமான திட்டங்கள் உலகெங்கும் ஒரே நேரத்தில் தடுமாறின. பதினொரு வரியை அவரவரே எழுதிக்கொண்டிருக்கக் கூடாதா?

கேள்வி நியாயமானது. ஆனால் கெர்னல் நூலகத்தின் நிலை வேறு. அது ஊர்க்கோடியில் இருக்கும் அந்நியர் கடை அன்று. கூட்டுக் குடும்பத்தின் சமையலறை. நூலகமும் அதை அழைக்கும் டிரைவர்களும் ஒரே மரத்தில் இருக்கின்றன. நூலகத்தின் பகுதி ஒன்றை மாற்ற விரும்புபவர், அதை அழைக்கும் அத்தனை இடங்களையும் தாமே சரிசெய்ய வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஒருவர் கோபித்துக்கொண்டு எடுத்துப்போய்விட இயலாது. 2019 இல் இந்தக் கார்டிக் கோப்பு நூலகத்துக்குள்ளேயே கணிதத்துக்கென ஒதுக்கிய அறைக்கு மாற்றப்பட்டது. பி43-க்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே எதை நம்பலாம் என்பதற்கு நான் வைக்கும் அளவுகோல் வரிகளின் எண்ணிக்கையைச் சாராது. அது உடைந்தால் சரிசெய்யும் பொறுப்பு யாருடையது என்று கேட்டுவிட்டு நம்ப வேண்டும்.

இவ்வளவும் நம் மாணவர்களுக்கு எதற்கு என்று ஆசிரியர் சிலர் கேட்கக்கூடும். தமிழ்நாட்டில் 2011 இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், முதலில் கொடுத்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் ஏற்றித் தரப்பட்டது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய லினக்ஸ் வடிவம். நூலகத்தில் கார்டிக் வந்து சேர்ந்த அதே ஆண்டு! தாரமங்கலத்திலும் இராசிபுரத்திலும் பரமத்தி வேலூரிலும் தமிழ் வழியில் படித்த பிள்ளைகளின் கைக்கு, உலகின் மிகச் சிறந்த பொறியாளர்கள் எழுதிய நிரலை வரிவரியாகத் திறந்து படிக்கும் உரிமை வந்து சேர்ந்தது. அந்த உரிமை அவர்களுக்கு இருக்கின்றது என்று வகுப்பறையில் சொன்னவர் எத்தனை பேர்? 2018 இல் சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த சக்தி செயலியில் லினக்ஸ் ஓடியது என்று பெருமை கொண்டோம். சொந்தச் செயலி வந்தால் அதைச் சுற்றி வரும் சில்லுகளுக்கெல்லாம் டிரைவர் எழுத ஆள் வேண்டும். அந்த ஆட்களை எப்படித் தயாரிக்கின்றோம்?

நம் ஆய்வகங்களில் சைன் தொடரை ஆண்டுதோறும் புதிதாக எழுதச் சொல்கின்றோம். அதில் தவறில்லை, எழுதிப் பழகாமல் நீச்சல் வராது. எழுதிய பின்பு, 'இதே கணக்கை மற்றவர் எப்படிச் செய்திருக்கிறார், போய்ப் பார்த்து வா' என்று அனுப்புவதில்லை என்பதே என் குறை. இறுதியாண்டுத் திட்ட அறிக்கையின் பருமனைக் கையில் தூக்கிப் பார்த்து மதிப்பெண் போடும் பழக்கம் இருக்கும்வரை, வரிகளைக் குறைத்தவனுக்கு மதிப்பெண்ணும் குறையும். பி43 திருத்தத்தைப் போன்ற ஒன்றை ஒரு மாணவர் திட்டவேலையாகக் கொண்டுவந்தால், 'நீ என்னப்பா செய்தாய்? இருந்ததையும் அல்லவா அழித்திருக்கிறாய்' என்று கேட்பார்கள்.

ஆங்கிலத்துக்கு அஞ்சும் மாணவருக்கு இத்தகைய வேலை பொருத்தமானது என்பதையும் சொல்ல வேண்டும். புதிய டிரைவர் எழுதுவதென்றால் நூற்றுக்கணக்கான பக்க ஆங்கிலக் கையேட்டை உருட்ட வேண்டும்; மாதக்கணக்கில் வாதாட வேண்டும். இரட்டிப்பை நீக்கும் திருத்தத்திலோ, சான்று நிரலிலேயே இருக்கின்றது. இரண்டு கோப்புகளையும் அருகருகே வைத்தால் ஒப்புமை தானே பேசும். உடன் எழுத வேண்டிய ஆங்கிலம் இரண்டு மூன்று வாக்கியங்கள் மட்டுமே. அதுவும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அந்தச் சபையின் மொழி ஆங்கிலந்தான். ஆனால் முதல் அடி எடுத்து வைக்க அவ்வளவு போதும்.

ஆர்வமுள்ள வாசகர் லினக்ஸ் கெர்னலின் மூல நிரலை இறக்கி, அதன் நூலகத்துக்குள் கணிதப் பகுதியில் உள்ள கார்டிக் கோப்பைத் திறந்து பாருங்கள். முழுவதும் சேர்ந்தே சில பத்து வரிகள்தாம். அட்டவணையின் முதல் எண் 2949120. அதை 65536 ஆல் வகுத்தால் 45 வரும். அடுத்தது 1740967, வகுத்தால் 26.565. கடைசியில், பதினெட்டாவதாக நிற்கும் எண் வெறும் 29. ஒரு டிகிரியில் பத்தாயிரத்தில் நாலரைப் பங்குக்கும் குறைவான திருப்பம் அது. கணிப்பொறி கையில் இல்லாதவர்கள் ஒரு தாளில் 60 டிகிரிக்கு ஏழு படிகள் போட்டுப் பாருங்கள். கூட்டலும் கழித்தலும் தவறாமல் இருந்தால் 60.183 கிடைக்கும்.